விசிறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? படகைத் தள்ளிய கருவிகளின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. கடலோடு சம்பந்தப்பட்டவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கடல் தொழிலாளி யாராவது இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

போன வாரம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றபோது ஒரு தம்பி தனது தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். வளைகுடா நாடொன்றில் படகுத்துறையில் வேலை செய்யும் அவரது மச்சான் அனுப்பியது. ஐம்பது அடிக்கு மேல் நீளமான உல்லாசப் படகு ஒன்று நண்டு போல பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு படகுகளுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளியில் போய் ஒட்டி நிற்கிறது. ஓட்டுபவர் கையில் ஒரு சிறிய பிடி மட்டும்தான். கயிறு எறிய ஆளில்லை, கழி ஊன்ற ஆளில்லை.

"சேர், இது பொட் டிரைவாம். நம்மட போட்டுக்கு ஏன் இது வரல்ல?" என்று தம்பி கேட்டார்.

பக்கத்தில் நின்ற காக்கா ஒருவர் பலநாள் படகுக்காரர். அவருடைய இஞ்சின் தேய்ந்து, மாற்ற வேண்டிய கட்டத்தில் இருக்கிறது. அவர் மெதுவாகக் கேட்டார்: "மாஸ்டர், இதப் பூட்டினா எண்ணெய் முப்பது வீதம் மிச்சமாம் எண்டு வீடியோவுல சொல்றான். உண்மையா? உண்மையெண்டா கடன்பட்டாவது பார்க்கலாமே."

தம்பியின் கேள்வி ஆசையில் வந்தது. காக்காவின் கேள்வியில் வீட்டு நகை இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல், தேடிப் பார்த்து எழுதுகிறேன் என்றேன். நான் படகு பொறியியலாளன் அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் ஒரு கருவி எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அது நமக்குப் பொருந்துமா என்பது பாதி விளங்கிவிடும். ஆகவே கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாயும் துடுப்பும் இருந்த காலத்துக்குப் பிறகு நீராவி இஞ்சின் வந்தது. முதலில் படகின் இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்களைப் பூட்டித்தான் ஓட்டினார்கள். கடல் அலையில் படகு சாயும்போது ஒரு சக்கரம் நீருக்குள் அமிழும், மற்றது காற்றில் சுற்றும். போர்க்கப்பலென்றால் ஒரு குண்டு போதும், சக்கரம் சிதறிவிடும்.

1836ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு பேர் தனித்தனியாக விசிறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். புரொப்பெல்லர் என்று சொல்கிறோமே, அதைத்தான் விசிறி என்கிறேன். ஒருவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், விவசாயி. மற்றவர் ஜோன் எரிக்சன், சுவீடன் நாட்டுப் பொறியியலாளர்.

ஸ்மித் செய்தது மரத்தாலான நீண்ட திருகாணி போன்ற ஒன்று. கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது அதில் பாதி எதிலோ மோதி உடைந்து போனது. உடைந்த பிறகு படகு முன்னை விட வேகமாக ஓடியது! நீளத் திருகாணி தேவையில்லை, குட்டையான இலைகளே போதும் என்ற பாடம் ஒரு விபத்திலிருந்து கிடைத்தது.

எரிக்சனின் அமைப்பு வேறு. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு விசிறிகள், ஒன்று வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் சுற்றும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1837இல் தன் படகால் கடற்படை அதிகாரிகளின் ஓடத்தையே தேம்ஸ் நதியில் இழுத்துக் காட்டினார். அவர்கள் ஏற்கவில்லை. பின்புறத்தில் இருந்து தள்ளினால் கப்பலைத் திருப்ப முடியாது என்று ஆட்சேபம் எழுந்தது. எரிக்சன் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

1845 ஏப்ரலில் பிரித்தானியக் கடற்படை ஒரு கயிறிழுப்புப் போட்டியே நடத்தியது. விசிறி பூட்டிய ராட்லர், சக்கரம் பூட்டிய அலெக்டோ. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வலு. பின்பக்கமாகக் கட்டி, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்க விட்டார்கள். அலெக்டோவின் சக்கரம் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்க, ராட்லர் அதை மணிக்கு 2 கடல் மைலுக்கும் மேலான வேகத்தில் பின்னோக்கி இழுத்துப் போனது. உண்மையில் அதற்கு முன்பே விசிறிக் கப்பல்கள் கட்ட முடிவாகிவிட்டது. போட்டி உலகத்துக்குக் காட்டத்தான்.

அன்றிலிருந்து இன்றுவரை நம் பலநாள் படகு வரை வந்திருப்பது அந்த அமைப்புத்தான். உள்ளே இஞ்சின், அதிலிருந்து சாய்வாக வெளியே போகும் தண்டு, தண்டின் நுனியில் விசிறி, அதற்குப் பின்னால் சுக்கான்.

இதில் ஒரு விஷயம். தள்ளுவது விசிறி, திருப்புவது சுக்கான். விசிறி எப்போதும் ஒரே திசையில்தான் தள்ளும், சுக்கான் அந்த நீரைத் திசைமாற்றி விடும். படகு மெதுவாகப் போகும்போது சுக்கானுக்கு வேலை குறைவு. அதனால்தான் துறைமுகத்துக்குள் படகைத் திருப்புவது பெரும்பாடு.

தள்ளும் விசிறியையே திருப்பினால் என்ன?

1881இல் பாரிஸில் குஸ்தாவ் துரூவே என்பவர் ஒரு சிறிய மின்மோட்டரைச் சுக்கானின் மேல் பூட்டி, விசிறியையும் சுக்கானோடு சேர்த்துவிட்டார். கழற்றிக் கையில் எடுத்துப் போகலாம். செய்ன் நதியில் ஓட்டிக் காட்டினார். சுக்கான் திரும்பினால் தள்ளும் திசையும் திரும்பும்.

பெற்றோல் இஞ்சினில் இதை வியாபாரமாக ஆக்கியவர்களில் பெயர் பெற்றவர் ஓலி எவின்ரூட். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வோக்கியில் வாழ்ந்தவர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் தண்டுவலித்துக் கடந்து, திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதால் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1909இல் அவரது வெளியிணைப்பு இயந்திரம் விற்பனைக்கு வந்தது. இன்று நம் கரையில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று இலக்கம் எழுதிய ஒவ்வொரு படகின் பின்னாலும் தொங்குவது அதன் வழித்தோன்றல்தான். கரைக்கு வரும்போது தூக்கலாம், பழுதானால் தோளில் சுமந்து கடைக்குக் கொண்டு போகலாம். ஏழைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த கட்டம் 1959. நியூயோர்க் படகுக் கண்காட்சியில் சுவீடனின் வொல்வோ பென்டா நிறுவனம் அக்குவாமற்றிக் என்ற அமைப்பைக் காட்டியது. இஞ்சின் படகுக்குள்ளே இருக்கும், விசிறிக் கால் வெளியிணைப்பு போலப் பின்னால் தொங்கித் திரும்பும், மேலே தூக்கவும் முடியும். இதன் பின்னணியில் இருந்தவர் ஜிம் வின், முன்பு மெர்குரி நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கர். மெர்குரியும் சும்மா இருக்கவில்லை, 1961இல் தனது மெர்குரூசரைக் கொண்டுவந்தது. 1982இல் வொல்வோ பென்டா ஒரே காலில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகளைப் பூட்டியது. எரிக்சனின் 1836ஆம் ஆண்டு யோசனை ஏறத்தாழ 150 வருடங்களுக்குப் பிறகு சிறு படகுக்கு வந்து சேர்ந்தது.

எதிரெதிராகச் சுற்றினால் என்ன இலாபம்? ஒரு விசிறி சுற்றும்போது நீரைப் பின்னால் தள்ளுவதோடு சுழற்றியும் விடுகிறது. அந்தச் சுழற்சியில் போகும் வலு வீண். பின்னால் இருக்கும் இரண்டாவது விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி அந்தச் சுழலை நேராக்கித் தள்ளுவிசையாக மாற்றுகிறது.

இதே காலத்தில் பெரிய கப்பல்களில் வேறொரு கதை நடந்தது. 1950இல் ஜேர்மனியின் ஷொட்டல் நிறுவனம் 360 பாகையும் சுற்றித் திரும்பும் விசிறிக் காலைக் கொண்டுவந்தது. இழுவைப் படகுகளுக்கு அது பெரும் வரமானது. பிறகு பின்லாந்துக்காரர்கள் மின்மோட்டரையே ஒரு உலோகக் கூட்டுக்குள் வைத்து, கப்பலுக்கு அடியில் தொங்கவிட்டார்கள். 1990இல் செய்லி என்ற சிறிய அரச கப்பலில் பூட்டினார்கள். இதுதான் அஸிபொட். பொட் என்பது பயற்றங்காய் நெற்றுக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல். 1998இல் இலேஷன் என்ற பயணிகள் கப்பலுக்கு இது வந்தது. குயின் மேரி 2 கப்பலுக்கு வேறு நிறுவனத்தின் நான்கு பொட்கள், அவற்றில் இரண்டு மட்டும் திரும்பும்.

அந்தக் குயின் மேரிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரியில் புளோரிடாவின் துறைமுகமொன்றை விட்டு வெளியே போகும்போது ஒரு பொட் கால்வாயின் ஓரத்தில் மோதிச் சேதமானது. வேகம் குறைந்தது, சில துறைமுகங்களுக்குப் போகாமல் விட்டார்கள், பயணிகள் கொதித்தார்கள். அவ்வளவு பெரிய கப்பலுக்கே ஆழமும் அகலமும் போதாத வாய்க்கால் ஆபத்து.

இப்போது தம்பி காட்டிய வீடியோவுக்கு வருவோம்.

மோட்டார் படகுகளுக்கான பொட் 2005இல் வொல்வோ பென்டாவின் ஐ.பி.எஸ். என்ற பெயரில் வந்தது. பெயர் ஒன்றானாலும் இது அஸிபொட் அல்ல. இங்கே மோட்டர் பொட்டுக்குள் இல்லை. டீசல் இஞ்சின் படகுக்குள்தான் இருக்கிறது. பற்சக்கரங்கள் வழியாக வலு படகின் அடித்தளத்தை ஊடுருவிக் கீழே இறங்கி விசிறிக்குப் போகிறது. விசிறிகள் இரண்டும் எதிரெதிராகச் சுற்றும். அவை முன்பக்கம் பார்த்து நிற்கும், அதாவது படகைத் தள்ளாமல் இழுக்கும். முன்னால் எந்தத் தடையும் இல்லாத, கலங்காத நீரை விசிறி வெட்டுவதால் பலன் கூடுகிறது. எதிலாவது பலமாக மோதினால் பொட் கழன்று விழும், ஆனால் படகுக்குள் நீர் வராத விதமாக அமைத்திருக்கிறார்கள்.

ஓரிரு வருடத்தில் அமெரிக்காவில் கமின்ஸ், மெர்குரூசர் கூட்டு நிறுவனம் சியூஸ் என்ற பொட்டைக் கொண்டுவந்தது. இதிலும் எதிரெதிர் விசிறிகள்தான், ஆனால் பின்பக்கம் பார்த்தவை. படகின் அடியில் குழிவான பள்ளம் அமைத்து அதற்குள் பொட்டைப் பொருத்துவார்கள், அதனால் ஆழம் குறைவாகப் போதும். விசிறிக்கு முன்னால் பொட்டின் உடல் இருப்பதால் மரக்கட்டை முதலில் அதில்தான் மோதும். அடியில் இருக்கும் துடுப்பு போன்ற தகடு உடைந்து மற்றதைக் காப்பாற்றும். செய்மதி உதவியுடன் நங்கூரம் இல்லாமலே படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு.

சுருக்கமாக, ஐ.பி.எஸ். தெளிந்த நீரைத் தேடியது, சியூஸ் பாதுகாப்பையும் குறைந்த ஆழத்தையும் தேடியது. பக்கவாட்டில் நகர்வது இரண்டிலும் ஒரே தத்துவம். இரண்டு பொட்களும் தனித்தனியாகத் திரும்பும், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் விசை கொடுக்கும். எவ்வளவு திருப்புவது என்ற கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஓட்டுபவர் சொல்வது "அந்தப் பக்கம் போ" என்பதை மட்டும்தான்.

இனி காக்காவின் கேள்வி. முப்பது வீதம் உண்மையா?

சாய்ந்த தண்டோடு ஒப்பிட்டு 30 வீத எரிபொருள் மிச்சம் என்பது தயாரித்தவர்களே சொல்லும் கணக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தண்டு 12 பாகை சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 பாகையின் கோசைன் 0.978. ஆகவே சாய்வினால் மட்டும் நேராக இழப்பது சுமார் 2 வீதம். மிச்சம் எங்கே? சாய்வான விசிறியின் இலைகளுக்கு ஒரு சுற்றில் ஒரு பக்கம் பாரம் கூடி மறுபக்கம் குறைவது ஒன்று. நீருக்குள் நிற்கும் தண்டு, அதைத் தாங்கும் கால், சுக்கான் எல்லாம் நீரை இழுப்பது இன்னொன்று. சுழலில் போகும் வலு மூன்றாவது. பொட் இவை எல்லாவற்றையும் குறைக்கிறது.

ஆனால் இந்த இழுவை வேகத்தோடு மடங்கு மடங்காகக் கூடும் சாமான். உல்லாசப் படகு மணிக்கு 25, 30 கடல் மைல் வேகத்தில் நீரின் மேல் வழுக்கி ஓடுகிறது. அங்கே ஒரு சின்னத் தண்டும் பெரிய தடை. நம் பலநாள் படகு ஐஸும் மீனும் டீசலும் நிரப்பி மணிக்கு 7, 8 கடல் மைலில் நீரைக் கிழித்துப் போகிறது. அங்கே தடையின் பெரும்பங்கு படகின் உடலிலிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட படகுக்கு நல்லது மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி. ஆகவே அந்த 30 வீதம் பொய் அல்ல, ஆனால் அது வேறொரு படகின் 30 வீதம்.

மற்றக் கணக்கையும் பாருங்கள். பொட் உங்கள் இஞ்சினில் கொண்டுபோய்ப் பூட்டும் சாமான் அல்ல. படகின் அடித்தளமே அதற்காக வார்க்கப்பட வேண்டும். உப்பு நீர் உள்ளே போனால் பற்சக்கரம் போகும், ஆகவே அதன் சீல்களை உரிய காலத்தில் படகைக் கரையேற்றி மாற்ற வேண்டும். திருப்புவது முழுக்க மின் சமிக்ஞையால். நடுக்கடலில் பத்தாவது நாள் ஒரு வயர் பழுதானால் யார் பார்ப்பது? இன்றைய தண்டில் நீர் கசிந்தால் கிளாண்ட் பக்கிங்கை நம் பொடியன்களே மாற்றுவார்கள். வலை சுற்றினால் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு குதித்து வெட்டுவார்கள். கரையில் இழுத்து ஏற்றும் சிறு படகுக்கு அடியில் தொங்கும் பொட் எந்த வகையிலும் சரிவராது. ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடிய கதை நமக்குத் தெரியும். குயின் மேரிக்கு நடந்ததை அதோடு சேர்த்து யோசியுங்கள்.

2005ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். வெளிவந்தபோது நம் கரை எப்படி இருந்தது? சுனாமி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொண்டு நிறுவனங்கள் படகும் இஞ்சினும் தந்தன, அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் வந்த படகுகளில் சில நம் அலைக்கும் கரைக்கும் பொருந்தவில்லை என்பதையும் கண்டோம். பளபளப்பு வேறு, பொருத்தம் வேறு என்று நமக்கு அப்போதே யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை.

அப்படியானால் காக்காவுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, அதற்குக் கடன் வேண்டாம்.

இப்படியான படகில் தேவைப்படும் வலு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 8 கடல் மைலில் போகும் படகை 7.2க்குக் குறைத்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.9 × 0.9 × 0.9 = 0.729. மணிக்குச் செலவாகும் எரிபொருள் சுமார் 27 வீதம் குறையும். பயண நேரம் கூடுவதையும் சேர்த்தால், அதே தூரத்துக்கு சுமார் 19 வீதம் மிச்சம். பத்து மணி நேரப் பயணம் பதினொரு மணி நேரமும் சொச்சமும் ஆகும், அவ்வளவுதான். கடலில் காற்றும் நீரோட்டமும் கணக்கை மாற்றும், ஆனால் திசை மாறாது.

அதோடு, புது இஞ்சின் வாங்கும்போது பழைய விசிறியையே பூட்டாதீர்கள். இஞ்சினின் வலுவுக்கும் சுற்றுக்கும் ஏற்ற விட்டமும் சரிவும் உள்ள விசிறியைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். வளைந்த இலையை நிமிர்த்துங்கள். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுங்கள். தேவைக்கு மேல் குதிரை வலு வாங்காதீர்கள்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதை நம் சிறு படகுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். எரிபொருள் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் காதைக் கொடுப்பது பேராசையால் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. பொட் நம் படகுக்கு இன்று வராது என்பதால் அது நமக்கு வேண்டாத அறிவு என்று ஆகாது. அந்த வீடியோவில் படகை ஓட்டுபவருக்குப் பின்னால் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வளைகுடாவில் நம் பிள்ளைகள் படகு கழுவும் வேலையோடு நிற்காமல் அந்த இடத்துக்குப் போகலாம். அதற்குக் கணிதமும் விஞ்ஞானமும் வேண்டும், மின்னியலும் வேண்டும். கோசைன் எதற்கு என்று வகுப்பில் கேட்டவர்களுக்கும் இன்று பதில் கிடைத்திருக்கும்.

கப்பல் கடலில் மிதந்து செல்வதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. சிந்திப்பவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. சிந்திப்பதில் கணக்குப் பார்ப்பதும் சேரும்.

காக்காவிடம் இதை நேரிலும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப மெதுவாப் போனாலே பாதி காசு, என்ன மாஸ்டர்?" என்றார். பாதி இல்லை காக்கா, ஐந்தில் ஒன்று என்றேன். "அதுவும் போதும், நகை பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்" என்றார்.

கடலுக்குப் போகும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. இதில் பிழை இருந்தால் இஞ்சின் வேலை தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள், நானும் படித்துக்கொள்கிறேன்.